அறிவுரையின் எல்லை

பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறும் இளையோருக்கு மூத்தோர் என்ன சொல்ல வேண்டும் என்ற கேள்வி, அதற்குள் வேறொரு கேள்வி அடங்கியிருப்பதைக் கவனிக்காத வரையில் எளிதாகவே தோன்றும். ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றி இன்னொருவர் சொல்வதற்கு உரிமை உண்டா, உண்டென்றால் அது எங்கிருந்து வருகிறது, எந்த எல்லையில் முடிகிறது என்பவை தெளிவானால்தான் சொல்ல வேண்டியது எது என்பதும் தெளிவாகும். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் இந்த உரிமை தங்களுக்கு உண்டா என்று எவரும் தங்களையே கேட்டுக்கொள்வதில்லை. உறவினர், அண்டை வீட்டார், டியூஷன் ஆசிரியர், கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் முகவர் என அனைவரும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையிடம் எதைப் படிக்க வேண்டும் என்று தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தயக்கமின்மைக்குச் சமய நூல்களிலும் தத்துவ நூல்களிலும் ஆதரவு தேடினால், கிடைப்பது மிகக் குறைவு.

மூத்தோர் இளையோரிடம் சொல்பவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்வது இந்த ஆராய்ச்சிக்கு உதவும். இன்ன படிப்புக்கு இன்ன தகுதி வேண்டும், இவ்வளவு செலவாகும், விண்ணப்பிக்க இதுவே கடைசி நாள் என்பவை தகவல். அவை சரியா தவறா என்று எவரும் சோதித்துப் பார்க்கலாம். பொய் சொல்லாதே, பிறர் உழைப்பைத் திருடாதே என்பவை ஆணை. யார் சொன்னாலும் யாரிடம் சொன்னாலும் அவற்றின் வலிமை மாறுவதில்லை. மூன்றாவதான அறிவுரை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டு, இன்ன மனிதர் இன்ன நிலையில் இன்னதைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்று சொல்கிறது; ஆகையால் அதைச் சொல்பவருக்கு உலகம் தெரிந்திருந்தால் போதாது, எதிரே நிற்பவரையும் தெரிந்திருக்க வேண்டும். அறிவுரையைத் தகவலைப் போல உறுதியாகவும் ஆணையைப் போல மறுக்க முடியாததாகவும் சொல்லிவிடும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

கல்வி முடித்து விடைபெறும் மாணவனிடம் ஆசிரியர் பேசுவதாக அமைந்த மிகப் பழைய இந்தியப் பகுதிகளுள் ஒன்று, கிருஷ்ண யஜுர் வேதத்தைச் சேர்ந்த தைத்திரீய உபநிடதத்தில் இருக்கிறது. அதன் முதற் பிரிவாகிய சீட்சாவல்லியின் பதினோராம் அனுவாகம், அதாவது பதினோராம் உட்பிரிவு, வேதத்தைக் கற்பித்து முடித்த ஆசிரியர், தம்மோடு தங்கிக் கற்ற மாணவனை இல்லறத்துக்கு அனுப்பும்போது சொல்வனவற்றைத் தொகுத்துத் தருகிறது. இந்தியாவின் சில பல்கலைக்கழகங்களில் பட்டமளிப்பு விழாக்களில் இன்றும் இது ஓதப்படுகிறது. ஓதப்படுவதாலேயே பலர் இதைச் சடங்கின் ஒரு பகுதியாகக் கேட்டுக் கடந்துவிடுகிறார்கள் என்றும் சொல்லலாம். உண்மை பேசுதல், அறத்தின் வழி நடத்தல், கற்றதைக் கைவிடாமல் தொடர்ந்து ஓதுதலும் பிறருக்குக் கற்பித்தலும், நலத்தையும் செல்வத்தையும் அலட்சியப்படுத்தாமை, தாய் தந்தை ஆசிரியர் விருந்தினர் ஆகியோரைத் தெய்வமாகக் கருதுதல், கொடுக்கும்போது அக்கறையோடும் நாணத்தோடும் அச்சத்தோடும் கொடுத்தல் என்று அதன் முற்பகுதி ஆணைகளாகவே செல்கிறது. செல்வத்தை அலட்சியப்படுத்தாதே என்ற குறிப்பு இந்த வரிசையில் உண்மைக்கும் அறத்துக்கும் சற்றுப் பின்னாலேயே வந்து நிற்பது, சமய நூல் என்றாலே துறவைத்தான் போதிக்கும் என்று நினைப்பவர்களுக்கு வியப்பளிக்கலாம்.

இந்த ஆணைகளுக்கு நடுவே ஆசிரியர் தம்மைப் பற்றியே ஒரு வரம்பு விதிக்கிறார். தம்மிடமும் தம்மைப் போன்ற ஆசிரியர்களிடமும் காணப்படும் நல்ல நடத்தைகளை மட்டும் மாணவன் பின்பற்ற வேண்டும், மற்றவற்றைப் பின்பற்றக் கூடாது என்பதே அந்த வரம்பின் பொருள். பல ஆண்டுகள் தம் வீட்டில் தங்கித் தம் சொல்லைக் கேட்டு நடந்த ஒருவனிடம், தம்மிடம் நல்லவை அல்லாதவையும் உண்டு என்று ஒப்புக்கொள்வதோடு, எது நல்லது எது அல்லாதது என்று பிரித்தறியும் பொறுப்பையும் அவனிடமே அவர் ஒப்படைக்கிறார். மாணவன் ஆசிரியரை மதிப்பிடும் தகுதி பெற்றுவிட்டான் என்பதை ஆசிரியரே அறிவிப்பதால், அந்தக் கல்வி முடிந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றிதழ் இருக்க முடியாது. ஆசிரியரைத் தெய்வமாகக் கொள் என்று சொன்ன அதே அனுவாகமே இதையும் சொல்கிறது என்பதால், இவ்விரண்டும் ஒன்றையொன்று திருத்துவதாகவே படிக்க வேண்டியிருக்கிறது.

இதைவிட நுட்பமானது இறுதிப் பகுதி. செய்ய வேண்டிய செயலிலோ நடந்துகொள்ள வேண்டிய முறையிலோ ஐயம் எழுந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை ஆசிரியர் தாமே எழுப்பி, அதற்குத் தம்மிடம் திரும்பி வருமாறு சொல்லாமலும், எல்லா ஐயங்களுக்கும் விடைகள் அடங்கிய பட்டியலைக் கொடுக்காமலும், ஐயம் எழும் அந்த இடத்தில் இருக்கும் தக்க மனிதர்கள் அத்தகைய சூழலில் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி நடந்துகொள் என்று கூறுகிறார். தக்கவர் யார் என்பதற்கு அவர் தரும் இலக்கணங்கள் கவனத்துக்குரியவை: எதையும் ஆராய்ந்து பார்ப்பவர், தம் கடமையில் ஈடுபாடு உள்ளவர், பிறர் ஏவலால் இயங்காதவர், கடுமை இல்லாதவர், அறத்தை விரும்புபவர். கடுமை இல்லாமையை அறிவுரை கேட்கத் தக்கவரின் இலக்கணங்களுள் ஒன்றாக வைத்த அந்த ஆசிரியர், அறிவுள்ளவர் எல்லோரிடமும் யோசனை கேட்க முடியாது என்பதை அறிந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும். பிறர் ஏவலால் இயங்காதவர் என்ற இலக்கணத்தையும் இன்றைய நிலையில் எளிதில் பொருத்திப் பார்க்கலாம். சேர்க்கைக்குத் தலைக்கு இவ்வளவு என்று தரகு வாங்கும் முகவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்தச் சோதனையில் தேற மாட்டார்.

ஆகவே இந்தப் பழைய உரையில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. எல்லா மனிதருக்கும் பொதுவானவற்றில் ஆசிரியர் ஆணையிடுகிறார்; ஒருவருக்கே உரியதாகவும் சூழலைச் சார்ந்ததாகவும் இருப்பவற்றில் ஆணையை நிறுத்திக்கொண்டு, ஆராயும் முறையையும் துணையைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலையும் மட்டும் கையளிக்கிறார். இன்றைய வழக்கம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியிருக்கிறது. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்த வேலை என்ற தனிப்பட்டவற்றில் கண்டிப்பான கட்டளைகளும், உண்மை, கொடை, தொடர்ந்த கல்வி ஆகிய பொதுவானவற்றில் ஏறக்குறைய முழு மௌனமும் நிலவுகின்றன. பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணைத் தசமம் வரை விசாரிக்கும் பெரியவர், அந்த மாணவர் கடைசியாகப் பாடத்துக்கு வெளியே படித்த புத்தகம் எது என்று கேட்பது அரிது. தமிழ்நாடு அரசு 2017-இல் பொதுத்தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தியபோது அந்த விசாரணை குறையும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. பட்டியல் நின்றது, விசாரணை நிற்கவில்லை.

உபநிடதப் பகுதியின் வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். தக்கவர்களாக அது குறிப்பிடுவது பிராமணர்களையே; அங்கு விடைபெறும் மாணவன் ஆண், வேதம் ஓதும் உரிமை பிறப்பால் வரையறுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவன். ஆதி சங்கரரின் உரையும் இந்த அனுவாகத்தைப் பொதுவான வாழ்க்கை அறிவுரையாகக் காணவில்லை; பிரம்ம ஞானம் பிறப்பதற்கு முன் மனத்தைத் தூய்மைப்படுத்துவதற்காகச் செய்ய வேண்டிய கடமைகள் இவை என்று கொண்டு, வீடுபேறு செயலால் வருமா அறிவால் வருமா என்ற வேதாந்தச் சிக்கலுக்குள் அது செல்கிறது. ஆயினும் ஆசிரியர் அடுக்கிய இலக்கணங்கள் ஒன்றுகூடப் பிறப்பைச் சார்ந்தவை அல்ல. ஆராய்ந்து பார்ப்பதும் கடுமையின்றி இருப்பதும் எவருக்கும் இயலும் என்பதால், குலப் பெயரை நீக்கிவிட்டு இலக்கணங்களை வைத்துக்கொள்வது இன்றைய வாசகருக்குத் தடையில்லாத வழியாகும். அப்படி நீக்கிப் படிப்பது மூலத்துக்குச் செய்யும் துரோகம் என்று சிலர் கருதலாம். நல்லவற்றை மட்டும் பின்பற்று, மற்றவற்றை விடு என்று சொன்ன ஆசிரியரே அதற்கு அனுமதி தந்திருக்கிறார் என்பது அவர்களுக்கான விடை.

பிறப்பும் தொழிலும் என்ற இந்தச் சிக்கல் பகவத் கீதையில் இன்னும் கூர்மையாக வருகிறது. தனக்குரிய கடமையைக் குறைபாட்டோடு செய்வது பிறருடைய கடமையை நன்றாகச் செய்வதைவிட மேலானது என்னும் சுதர்மக் கோட்பாடு, அதாவது தன்னறக் கோட்பாடு, அந்நூலின் மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் இடம்பெறுகிறது. தற்கால மேடைப் பேச்சாளர்கள் பலர் இதை, உன் இயல்புக்கு ஏற்ற துறையைத் தேர்ந்தெடு என்று இளையோருக்குச் சொல்லும் உற்சாக மொழியாக மாற்றிவிட்டார்கள். வருணத்தோடு பிணைந்திருந்த கருத்து அத்தனை எளிதாக விடுபட்டுவிடுமா என்பது ஐயத்துக்குரியது. சென்னை மாநிலத்தில் 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று வகுத்தது. பள்ளிகளின் பற்றாக்குறையையும் கைத்தொழிலின் மதிப்பையும் அதற்குக் காரணங்களாக அவர் காட்டினாலும், பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். சலவைத் தொழிலாளியின் பிள்ளை சலவையைக் கற்கும், வழக்கறிஞரின் பிள்ளை எதைக் கற்கும் என்பதே அந்த எதிர்ப்பின் மையமாக இருந்தது. 1954-இல் இராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். ஒரு பிள்ளை எதுவாக வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையின் வாய்மொழியின்றிப் பெரியவர்கள் தீர்மானிப்பதில் உள்ள அநீதியைத் தமிழ்ச் சமூகம் அன்று அரசியலாகப் புரிந்துகொண்டது. வீட்டுக்குள் நடக்கும் தீர்மானத்துக்கு அதே புரிதல் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

கீதையைப் பற்றிய குறிப்பை அதன் இறுதி அத்தியாயம் வரை கொண்டுசெல்வதே நேர்மையானது. நீண்ட உபதேசத்தின் முடிவில் கிருஷ்ணன் அர்ச்சுனனிடம், சொன்னவற்றை முழுவதுமாக ஆராய்ந்து, பிறகு விரும்பியபடி செய் என்கிறான். இதை அறிவுரை தன் எல்லையை உணர்ந்து நிற்கும் இடமாகக் கொள்ளலாம் என்றாலும், அதற்குச் சற்று முன்னால்தான், போரிட மாட்டேன் என்று முடிவெடுத்தாலும் உன் இயல்பு உன்னைப் போருக்கு இழுக்கும் என்றும் அவன் கூறியிருக்கிறான். சற்றுப் பின்னால் எல்லாத் தருமங்களையும் விட்டுத் தன்னையே சரணடையுமாறும் கேட்கிறான். இயல்பின் கட்டாயம், சுதந்திரமான தெரிவு, சரணாகதி என்ற மூன்றும் அருகருகே நிற்கும் இவ்விடத்தில் எதற்கு முதன்மை என்பதில் வேதாந்தப் பிரிவுகள் வேறுபடுகின்றன. இளைஞர் ஒருவருக்கு இந்த இடம் உதவுமென்றால் அது தீர்வுக்காக இராது. தெரிவு என்பது தெய்வம் முன்னே நிற்கும்போதும் எளிதாகிவிடுவதில்லை என்பதற்காகவே இருக்கும்.

கிரேக்க மரபில் அரிஸ்டாட்டில் இந்தக் கேள்வியை வேறு திசையிலிருந்து அணுகுகிறார். நிக்கோமாக்கஸ் அறவியல் என்று அறியப்படும் நூலின் தொடக்கத்தில், வாழ்க்கைச் செயல்களில் அனுபவம் இல்லாததாலும் உணர்ச்சிகளின் பின்னே செல்வதாலும் இளைஞர்கள் அறவியல், அரசியல் விரிவுரைகளுக்குத் தக்க மாணவர்கள் அல்லர் என்கிறார். ஆறாம் புத்தகத்தில், இளைஞர் ஒருவர் வடிவியலிலும் கணிதத்திலும் தேர்ந்துவிடலாம், ஆனால் நடைமுறை விவேகம் அவரிடம் அமைவதில்லை, ஏனென்றால் அது தனித்தனி நிகழ்வுகளோடு பழகிப் பெறும் அறிவு, அதற்குக் காலம் தேவை என்கிறார். வாழ்க்கையை முடிவுசெய்யும் தேர்வில் கணிதத்தையும் இயற்பியலையும் சோதித்துவிட்டு, உடனே நடைமுறை விவேகம் கோரும் மிகப் பெரிய முடிவை எடுக்கச் சொல்லும் இன்றைய ஏற்பாட்டை அவர் கண்டிருந்தால் சிரித்திருக்கக் கூடும். ஆனால் நூலின் தொடக்கத்தில் இளைஞர்களைப் பற்றிச் சொன்ன இடத்திலேயே அவர் ஒரு திருத்தமும் சேர்த்திருக்கிறார்: வயதில் இளையவரா, குணத்தில் இளையவரா என்பதில் வேறுபாடு இல்லை, குறை ஆண்டுக்கணக்கில் இல்லை. இந்தத் திருத்தம் அறிவுரை வழங்கும் மூத்தவரையும் பாதிக்கிறது, ஏனென்றால் நரையை மட்டும் வைத்து விவேகத்தை உரிமை கொண்டாட முடியாமல் போகிறது. சட்டமோ வயதைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை. இந்தியாவில் வயதுவந்தோர் என்பதற்கான எல்லை பதினெட்டு. 61-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் வாக்குரிமைக்கும் அதுவே எல்லை. பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பவர்களில் பெரும்பாலோர் அந்த எல்லைக்குச் சில மாதங்கள் இப்பால் நிற்பதால், தம் வாழ்வின் பெரிய முடிவை அவர்கள் வாக்களிக்கும் உரிமைக்கும் முன்பாகவே எடுக்கிறார்கள்.

அறிவுரை கேட்பதே ஒரு தெரிவு என்பதை வலியுறுத்தியவர் ஃபிரெஞ்சுத் தத்துவவாதி ஜான் பால் சார்த்தர். 1945 அக்டோபரில் பாரிசில் அவர் ஆற்றி மறு ஆண்டு நூலாக வெளிவந்த இருத்தலியம் பற்றிய சொற்பொழிவில், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் தம்மிடம் யோசனை கேட்டு வந்த மாணவர் ஒருவரைக் குறிப்பிடுகிறார். மூத்த சகோதரர் 1940-இல் ஜெர்மானியத் தாக்குதலில் கொல்லப்பட்டிருக்க, தாய் இந்த மகனை நம்பியே வாழ்ந்துகொண்டிருக்க, இங்கிலாந்து சென்று விடுதலைப் படையில் சேர்வதா தாயோடு இருப்பதா என்பது அவருடைய ஐயம். கிறித்தவ அன்பு நெறியோ, மனிதரை வெறும் கருவியாகக் கொள்ளாதே என்ற தத்துவவாதி காண்டின் அறநெறியோ இதைத் தீர்க்கவில்லை என்று சார்த்தர் காட்டுகிறார். தாய்க்காக இருந்தால் போரிடுவோர் கருவியாகிறார்கள், போரிடப் போனால் தாய் கருவியாகிறாள். பாதிரியாரிடம் கேட்கலாம் என்றால், ஆக்கிரமிப்பாளரோடு ஒத்துழைக்கும் பாதிரியாரும் உண்டு, எதிர்க்கும் பாதிரியாரும் உண்டு. யாரிடம் கேட்பது என்று முடிவுசெய்யும்போதே எந்த விடையை எதிர்பார்க்கிறோம் என்பது முடிவாகிவிடுகிறது. மாணவருக்கு அவர் அளித்த விடை, நீ சுதந்திரமானவன், தெரிவுசெய் என்பதுதான். நியாயமாகப் பார்த்தால் இந்த விடை சற்றுக் கடுமையானது. தைத்திரீயத்தின் ஆசிரியர் கடுமை இல்லாமையை ஏன் இலக்கணமாக வைத்தார் என்பது இதைப் படிக்கும்போது புரிகிறது. ஆனாலும் யாரைக் கேட்பது என்பதில் தெரிவு ஒளிந்திருக்கிறது என்ற கருத்தை மறுக்க முடியாது. மருத்துவம் படிக்க விரும்பும் மாணவி மருத்துவரான சித்தியிடமும், விரும்பாத மாணவி அத்தொழிலைப் பாதியில் விட்ட மாமாவிடமும் யோசனை கேட்பது தற்செயலாக நடப்பதில்லை.

அமெரிக்கத் தத்துவவாதி எல். ஏ. பால் 2014-இல் வெளியிட்ட நூலில் இச்சிக்கலின் இன்னோர் அடுக்கைத் திறந்தார். சில அனுபவங்கள் ஒருவருக்குப் புதிய செய்திகளைத் தருவதோடு நிற்காமல், அவருடைய விருப்பங்களையும் மதிப்புகளையும் மாற்றிவிடுகின்றன. குழந்தை பெறுவதை அவர் அதற்கு முக்கிய எடுத்துக்காட்டாக்குகிறார். இத்தகைய உருமாற்றும் அனுபவத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, அது தமக்கு எப்படி இருக்கும் என்று ஒருவர் கணிக்க முடியாது, ஏனென்றால் அதை அனுபவிக்கப் போகிறவர் இப்போது கணிப்பவரிடமிருந்து வேறுபட்டவராக இருப்பார். உயர்கல்வியும் இத்தகையது என்று கொள்வதில் தவறில்லை; நான்கு ஆண்டு வேளாண்மை படித்தவருக்கு மண் வேறு விதமாகத் தெரியும், வரலாறு படித்தவருக்கு ஊர்க் கோயிலின் கல்வெட்டு வேறு விதமாகத் தெரியும். எது பிடிக்குமோ அதைப் படி என்ற பரவலான அறிவுரை, அதிகாரமற்றதாகவும் அன்பானதாகவும் தோன்றினாலும், இங்கே தடுமாறுகிறது. பிடிக்குமா என்பதைத் தீர்மானிக்கப் போகும் மனம் அந்தப் படிப்பால்தான் உருவாக வேண்டியிருக்கிறது.

பெற்றோரின் நிலை இதில் தனியாக எண்ணத் தக்கது. தாயையும் தந்தையையும் தெய்வமாகக் கருது என்ற ஆணையைப் பெற்றோர் விரும்பும் படிப்பில் சேர் என்று விரித்துப் பொருள் கொள்வதற்கு உபநிடதத்தில் இடமில்லை. பௌத்த மரபில், பாலி மொழித் தீக நிகாயத்தின் 31-ஆவது சூத்திரமாகிய சிகாலோவாத சுத்தம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இளைஞன் விடியற்காலையில் ஈர ஆடையோடு ஆறு திசைகளையும் வணங்குவதைக் கண்ட புத்தர் காரணம் கேட்கிறார். தந்தை இறக்கும்போது சொன்ன சொல் என்பது அவன் விடை. தந்தையின் சொல்லைப் புத்தர் இகழவில்லை, அப்படியே செய்யுமாறும் சொல்லவில்லை. கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை பணியாளர், மேல்திசை துறவியர் என்று பொருள் கொடுத்து, அவர்களுக்கு ஆற்றும் கடமையே திசை வழிபாடு என்று விளக்குகிறார். பெற்றோர் தம் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய ஐந்தில் தீமையிலிருந்து விலக்குதல், நன்மையில் நிறுத்துதல் ஆகியவற்றுக்கு அடுத்து ஒரு தொழிலைக் கற்பிக்கச் செய்தல் இடம்பெறுகிறது. எந்தத் தொழில் என்று அது வகுக்கவில்லை. உரிய காலத்தில் சொத்தை ஒப்படைப்பதும் அந்த ஐந்தில் ஒன்று. முடிவெடுக்கும் உரிமையும் ஒரு சொத்து என்றால், அதை உரிய காலத்தில் கொடுக்காத பெற்றோர் நிலத்தையோ நகையையோ கொடுத்து ஈடுசெய்ய முடியாது.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்டால் மூத்தோர் பேசாமல் இருப்பதே சிறந்தது என்று தோன்றலாம். அந்த முடிவு வசதியுள்ள வீடுகளுக்கு மட்டுமே பொருந்தும் முடிவு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் மாணவருக்கு, உன் விருப்பப்படி செய் என்று சொல்லிவிட்டு விலகுவது சுதந்திரத்தைக் கொடுப்பதாகாது, கைவிடுவதாகும். விண்ணப்பம், கலந்தாய்வு, இடஒதுக்கீடு, முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை, விடுதி, உதவித்தொகை ஆகியவற்றின் தகவல்கள் சிலருக்கு உணவு மேசையில் தானாகக் கிடைக்க, சிலருக்கு எந்தக் கதவைத் தட்டியும் கிடைக்காமல் போகின்றன. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இந்த இடைவெளியைக் கண்டுகொண்டதன் விளைவு என்று சொல்லலாம். தகவல், ஆணை, அறிவுரை என்ற பிரிவு உதவுவது இங்கேதான்: அறிவுரையில் தயக்கம் காட்ட வேண்டிய மூத்தவர், தகவலில் தாராளமாக இருக்கக் கடமைப்பட்டவர். கற்பதோடு கற்பித்தலையும் கைவிடாதே என்ற உபநிடத ஆணைக்கு இன்றைய எளிய பொருள், தனக்குத் தெரிந்த வழியை அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுப் போவது என்பதே.

தகவல் கிடைத்த பிறகு அதைக் கொண்டு ஆராய்வது எப்படி என்பதற்குத் திருக்குறளின் பொருட்பால் தரும் வரிசை வேறெந்த நூலுக்கும் குறைந்ததன்று. அறத்துப்பாலின் இறுதி அதிகாரம் ஊழ். அதாவது, செய்த வினையின் பயன் செய்தவரைச் சென்று சேரும் நியதி. அதன் வலிமையைச் சொல்லி முடித்த உடனே வள்ளுவர் பொருட்பாலைத் தொடங்கி, கல்வி, கேள்வி, அறிவுடைமை, குற்றங்கடிதல், பெரியாரைத் துணைக்கோடல், சிற்றினஞ்சேராமை என்று சென்று, அதற்குப் பின்பே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் முடிவெடுக்கும் அதிகாரங்களுக்கு வருகிறார். ஊழை நம்பிய நூல் முடிவெடுக்கும் கலைக்கு இத்தனை அதிகாரங்கள் ஒதுக்கியிருப்பதும், ஆள்வினையுடைமை அதிகாரத்தில் அயராத முயற்சி ஊழையும் புறங்காணும் என்று சொல்வதும் முரண்பாடு என்று சிலர் கருதுவர். ஊழ் நடந்து முடிந்ததற்கான விளக்கம், முயற்சி நடக்கப்போவதற்கான பொறுப்பு என்று காலத்தால் பிரித்துப் பார்த்தால் அந்த முரண் பெருமளவு தணிகிறது. ஆனால் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முயலும் மனமே ஊழால் அமைவது என்ற கருத்தும் ஊழ் அதிகாரத்திலேயே இருக்கிறது.

இந்த அதிகாரங்கள் அரசனை நோக்கி எழுதப்பட்டவை; பரிமேலழகர் அவற்றை அரசியல் என்னும் இயலில் வைக்கிறார். ஆனால் வலியறிதலின் முதற் குறள் நிறுக்கச் சொல்லும் நான்கு வலிமைகளாகிய செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை ஆகியவற்றில், எதிரியின் இடத்தில் போட்டியிடுவோரின் எண்ணிக்கையையும் துணையின் இடத்தில் குடும்பத்தின் தாங்குதிறனையும் வைத்தால், கலந்தாய்வுக்கு முந்தைய இரவில் ஒரு வீட்டில் பேச வேண்டியவை அனைத்தும் அதில் அடங்கிவிடுகின்றன. தெரிந்துசெயல்வகையில் உள்ள ஒரு கருத்து கல்விக் கடனைப் பற்றி இன்று எழுதியதைப் போலவே இருக்கிறது: வரப்போகும் ஆக்கத்தை எண்ணி, கையிலுள்ள முதலையும் இழக்கச் செய்யும் செயலில் அறிவுடையார் இறங்க மாட்டார். விற்ற நிலம் திரும்பாது என்பதை அறிந்த வேளாண் குடும்பங்கள், பெயர் தெரியாத ஒரு நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்காக நிலத்தை விற்கும் முன் இதைப் படிப்பது நல்லது. இதுவும் ஓர் அறிவுரைதான் என்பதால், மேலே சொன்ன எல்லைகள் இதற்கும் பொருந்தும்; கடன் வாங்கிப் படித்து உயர்ந்த குடும்பங்களும் உண்டு, அவற்றின் கணக்கில் துணையின் வலிமை வேறாக இருந்திருக்கும்.

ஊழ் என்ற கருத்து வீடுகளில் பெரும்பாலும் மதிப்பெண் வந்த பிறகே நுழைகிறது. அதிகம் பெற்றவரின் வெற்றி உழைப்புக்கும், குறைவாகப் பெற்றவரின் தோல்வி தலையெழுத்துக்கும் கணக்கில் எழுதப்படுகிறது. வினைக்கோட்பாட்டை ஏற்பவர்கள்கூட இப்படி ஒரு பக்கம் மட்டும் எழுதும் கணக்கை ஏற்க முடியாது. நியதியே அனைத்தையும் இயக்குகிறது, முயற்சிக்குப் பயனில்லை என்று உறுதியாகச் சொன்ன ஆசீவகர் கொள்கை, மணிமேகலையில் சமயக் கணக்கர்களுள் ஒருவர் கூறுவதாக இடம்பெற்று, நீலகேசியில் வாதிட்டு மறுக்கப்படுகிறது; தோற்ற பிள்ளையிடம் விதி என்று சொல்லி ஆறுதல்படுத்த நினைக்கும் பெரியவர், அறியாமலேயே அந்தப் பழைய கொள்கையைப் பேசுகிறார். ஆறுதலாகச் சொல்லப்படும் அதே சொல்லைப் பதினேழு வயதில் கேட்பவர் தம்மைப் பற்றிய இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. துணைத் தேர்வு எந்த மாதம், அதற்கு எப்படிப் பதிவு செய்வது என்ற தகவல் அந்த நேரத்தில் எந்தத் தத்துவத்தையும்விடக் கருணை மிக்கது.

எஞ்சியிருப்பது, தக்க பெரியவர் எவரும் அருகில் இல்லாத இளைஞரின் நிலை. உபநிடதமும் குறளும் அத்தகையோர் எங்காவது கிடைப்பார்கள் என்ற நம்பிக்கையிலேயே பேசுகின்றன. குற்றமற்றவராகத் தெரியும் கற்றவரிடமும் அறியாமை முற்றிலும் இல்லாதிருப்பது அரிது என்று தெரிந்துதெளிதல் அதிகாரம் எச்சரித்தாலும், குணத்தையும் குற்றத்தையும் நிறுத்து மிகுந்ததைக் கொண்டு முடிவுசெய்யுமாறு சொல்லி அந்த நம்பிக்கையைக் காக்கிறது. சிகாலனுக்குச் சொல்லப்பட்ட உரை இன்னொரு வழியையும் திறக்கிறது. வாங்க மட்டுமே வருபவர், வாய்ச்சொல்லோடு நிற்பவர், முகத்துக்கு முன் புகழ்பவர், கேளிக்கையில் மட்டும் கூட வருபவர் என்று போலி நண்பரை நால்வராக வகுத்த புத்தர், உதவுபவர், இன்பத்திலும் துன்பத்திலும் மாறாதவர், நலத்தை எடுத்துச் சொல்பவர், பரிவு காட்டுபவர் என்று மெய் நண்பரையும் நால்வராக வகுக்கிறார். நலத்தை எடுத்துச் சொல்லும் உரிமை இங்கே வயதிலிருந்து நட்புக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. ஒரே வகுப்பில் இருந்து ஒரே வாரத்தில் தேர்வு முடிவைப் பார்க்கும் இருவரில், தனக்குக் கிடைத்த விண்ணப்பச் செய்தியை மறைக்காமல் மற்றவருக்கும் சொல்பவர், போட்டியில் தனக்கு ஓர் இடம் குறையக்கூடும் என்று தெரிந்தே சொல்கிறார் என்பதால், அவருடைய சொல்லுக்குப் பெரியவர்களின் சொல்லுக்கு இல்லாத ஒரு நம்பகத்தன்மை இருக்கிறது.